நகையை அடகு வைத்து விமானப் பங்கை ஆவரேஜ் செய்யலாமா?

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில், சிஎம்சி பக்கத்தில் டிக்கெட் புக்கிங் கடை வைத்திருக்கிறேன். கொல்கத்தா, குவாஹாட்டி பக்கமிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு விமான டிக்கெட், ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். கடைச் செலவு போக மாதம் 35,000 ரூபாய் நிற்கும், வீட்டுக்கு 24,000 ஆகிறது. விமானத்தில் சீட் கிடைக்காமல் ஜனங்கள் தவிப்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்த நம்பிக்கையில் பட்ஜெட் விமான நிறுவனம் ஒன்றின் பங்கை, சேமிப்பு 3 லட்சத்தைப் போட்டு 60 ரூபாய்க்கு 5,000 வாங்கினேன். 45-க்கு இறங்கியது, மனைவியின் நகையை வைத்து 2.25 லட்சத்துக்கு இன்னும் 5,000. 34-க்கு வந்தது, 16 சதவீத வட்டியில் பர்சனல் லோன் 3.40 லட்சம் எடுத்து 10,000. இன்றைக்கு 30 ரூபாய். நகைக்கு ஆறு மாதமாக வட்டி கட்டவில்லை, லோனுக்கு நான்கு தவணை கட்டியிருக்கிறேன். என் மச்சான் சென்னை ஏர்போர்ட்டில் செக்-இன் கவுன்டரில் வேலை செய்கிறார். "ஃபிளைட் எல்லாம் ஃபுல்லா போகுது மாமா, இன்னும் 5 லட்சம் போட்டு ஆவரேஜ் பண்ணுங்க, ஏறினதும் எனக்கு அதுல பாதி லாபம் குடுத்தா போதும்" என்கிறார். இண்டிகோ பங்கு ஏறியதையும் காட்டுகிறார். மாமியாரும் அவர் பக்கம்தான் பேசுகிறார். மீதி இருக்கும் 15 சவரனையும் வைக்கலாமா? தூக்கம் வரவில்லை.

பதில்: வைக்காதீர்கள். இன்றைக்கு மட்டும் இல்லை, 25-க்கு வந்தாலும், 20-க்கு வந்தாலும் வைக்காதீர்கள்.

பங்குச் சந்தையில் ஏற்றம் இறக்கம் உண்டு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். நீங்கள் முதலில் போட்ட 3 லட்சம் சேமிப்புப் பணம், அதில் நஷ்டம் வந்திருந்தால் வருத்தத்தோடு முடிந்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது முறை வாங்கியது கடனில். விலை இறங்கும்போதெல்லாம் கடன் வாங்கி ஆவரேஜ் செய்வது, அதாவது இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது என்ற ஒரே பழக்கம்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். மொத்தம் 20,000 பங்கு, போட்ட பணம் 8.65 லட்சம். சராசரி விலை 43 ரூபாய் 25 காசு என்று ஆப் காட்டும். ஆனால் ஆப் வட்டியைச் சேர்ப்பதில்லை. நகைக் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 27,000. பர்சனல் லோன் 16 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள், மூன்று வருஷத் தவணை மாதம் 12,000 வரும், முதல் வருஷ வட்டி மட்டும் 47,000 பக்கம். இரண்டும் சேர்ந்து 74,000. இதை 20,000 பங்கால் வகுத்தால் பங்குக்கு 3 ரூபாய் 70 காசு. ஆக, ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தாலே உங்கள் உண்மையான அடக்க விலை 47. முப்பதிலிருந்து 47-க்குப் போக 56 சதவீதம் ஏற வேண்டும், அதுவும் வெறுமனே நஷ்டம் இல்லாமல் வெளியே வருவதற்கு! அதற்கு அடுத்த வருஷம் அடக்க விலை இன்னும் ஏறும். சராசரியைக் குறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கடன் வாங்குகிறீர்கள், அந்தக் கடனே சராசரியை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

மாத வரவு செலவையும் பாருங்கள். 35,000-ல் வீட்டுக்கு 24,000, தவணைக்கு 12,000. அங்கேயே ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. நகை வட்டி ஏன் ஆறு மாதமாக நிற்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நகைக் கடனுக்குக் கெடு முடிந்தால் நோட்டீஸ் வரும், அப்புறம் ஏலம்.

சரி, சீட் கிடைக்காமல் ஜனங்கள் தவிக்கும்போது நிறுவனம் எப்படி நஷ்டமாகும்? உங்கள் கடிதத்தில் இருக்கும் மொத்த நம்பிக்கையும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. உங்கள் மச்சான் பார்ப்பது வரிசையை, நீங்கள் பார்ப்பது டிக்கெட் விலையை. செலவுப் பக்கத்தை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

இந்தியாவில் ஒரு விமான நிறுவனத்தின் செலவில் 30 முதல் 40 சதவீதம் எரிபொருளுக்கே போகிறது. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வாட் வேறு. தமிழ்நாட்டில் பல வருஷமாக 29 சதவீதம், சில மாநிலங்களில் ஒற்றை இலக்கம். அடுத்தது வாடகை. இங்கே பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை, வாடகை டாலரில். இன்ஜின் பராமரிப்பில் பெரும்பகுதியும் டாலரில்தான். டிக்கெட் பணம் மட்டும் ரூபாயில் வருகிறது. ஒரு விமானத்துக்கு மாத வாடகை 3 லட்சம் டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் டாலர் 75 ரூபாயை ஒட்டி இருந்தபோது அது 2.25 கோடி. 2025 டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியது, அதே வாடகை 2.70 கோடி. ஒரு விமானத்துக்கு மாதம் 45 லட்சம் கூடுதல். இதைக் கொல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவரிடம் வசூலிக்க முடியுமா? ஆயிரம் ரூபாய் ஏற்றினால் அவர் காட்பாடிக்கு ரயில் டிக்கெட் கேட்பார், அதையும் நீங்கள்தான் போட்டுக் கொடுப்பீர்கள்.

விமானம் தரையில் நின்றாலும் வாடகை நிற்காது. 2023-ல் பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களின் பாகங்கள் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் கோளாறு என்பது வெளியே வந்தது. மாற்று இன்ஜினும் உதிரி பாகமும் கிடைக்காமல் இந்தியாவிலேயே பல விமானங்கள் மாதக்கணக்கில் நின்றன. அதற்கு முன்பே, அந்த வருஷம் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் மனு போட்டபோது, இன்ஜின் கிடைக்காததைத்தான் காரணமாகச் சொன்னது.

உலக அளவிலும் இதே இழுபறிதான். எல்லா நாட்டு விமான நிறுவனங்களையும் சேர்த்து 2025-க்கு அவற்றின் உலகச் சங்கமான ஐயாட்டா போட்ட மதிப்பீடு, ஒரு பயணிக்கு நிகர லாபம் 7 டாலர் சொச்சம். நம் பணத்தில் 600 ரூபாயைச் சுற்றி. விமான நிலையத்தில் இரண்டு காபியும் ஒரு சாண்ட்விச்சும் வாங்கினால் அதைவிட அதிகம் ஆகிவிடும். லாபம் அதிகம் வரக்கூடிய நீண்ட தூரப் பயணத்திலோ நம் நிறுவனங்களுக்குக் கடும் போட்டி. விஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போகும் பையனுக்கு நீங்கள் போட்ட டிக்கெட்டுகளை நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் துபாய் அல்லது தோஹா வழிதானே? எமிரேட்ஸும் கத்தார் ஏர்வேஸும் பெரிய விமானங்களை வைத்து, உலகின் எல்லா மூலைக்கும் இணைப்பு கொடுத்து நம் பயணிகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி மூடியதிலிருந்து ஏர் இந்தியாவின் ஐரோப்பிய, அமெரிக்க விமானங்கள் சுற்றிக்கொண்டு போகின்றன. சுற்றுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எரிபொருள் செலவு.

"இண்டிகோ 765 ரூபாய்க்கு வந்த பங்கு, இன்னிக்கு எங்க இருக்குன்னு பாருங்க" என்று மச்சான் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். 2015 நவம்பரில் 765-க்கு வந்தது, 2025-ல் 5,000-த்தைத் தாண்டியது. ஆனால் கிங்ஃபிஷர் 2012-ல் நின்றதையும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றதையும் அவர் சொல்லவில்லையே. ஜெட்டை மீட்க ஐந்து வருஷம் முயற்சி நடந்தது, கடைசியில் 2024 நவம்பரில் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படிக் கலைக்கும்போது வங்கி, ஊழியர், குத்தகைக்காரர் எல்லாருக்கும் பிறகு கடைசி வரிசையில் நிற்பவர்தான் பங்குதாரர். ஜெட் பங்கும் மூழ்கும் முன் படிப்படியாகத்தான் இறங்கியது, ஒவ்வொரு படியிலும் "இதுதான் அடிமட்டம்" என்று ஆவரேஜ் செய்தவர்கள் இருந்தார்கள். நிறுவனம் பிழைத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் உண்டு. பணமுடையில் இருக்கும் விமான நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டும், கடன் கொடுத்தவர்களுக்கே பங்காகக் கொடுக்கும். 100 கோடிப் பங்கு 150 கோடியானால் உங்கள் உரிமை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழைய விலை திரும்ப வரும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. உங்கள் கடை ஓடுவதே விமானம் ஓடுவதால்தான். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு, சிகிச்சைக்கு வரும் வங்கதேசத்தவருக்கு விசா கெடுபிடியானபோது காந்தி ரோட்டு லாட்ஜுகளிலும் உங்கள் கவுன்டரிலும் கூட்டம் குறைந்திருக்குமே? 2025 நவம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதி மாறி, அதற்கு இண்டிகோ சரியாகத் தயாராகாமல், டிசம்பர் 5-ம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சந்தையில் 60 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே அந்த நிலை. அந்த வாரம் உங்களுக்குப் புது புக்கிங் எத்தனை, ரீஃபண்ட் கேட்டு வந்தவர்கள் எத்தனை? விமானத் துறைக்கு ஒரு அடி விழுந்தால் உங்கள் வருமானமும் முதலீடும் ஒரே நாளில் அடிபடும், கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கும். வேறு யாருக்காவது இந்தத் துறைப் பங்கு கொஞ்சம் பொருந்தலாம், டிக்கெட் கடைக்காரருக்குப் பொருந்தவே பொருந்தாது.

மச்சான் விஷயம். ஏர்போர்ட்டில் வேலை செய்வதால் அவருக்கு நிறுவனத்தின் கணக்கு தெரியாது. வெளியே வராத உள் தகவல் ஏதோ நிஜமாகவே தெரியும் என்றால், அதை வைத்துப் பங்கு வாங்குவது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி குற்றம், உங்களுக்கும் சேர்த்துத்தான். அப்புறம் அந்த "பாதி லாபம்" பேச்சு. நகை உங்கள் வீட்டுடையது, வட்டி உங்களுடையது, நஷ்டம் வந்தால் முழுதும் உங்களுடையது, லாபத்தில் மட்டும் பாதி அவருடையதா? சண்டை போட வேண்டாம். "5 லட்சத்துக்கு நீங்க உங்க பேர்ல லோன் எடுத்து வாங்குங்க மச்சான், முழு லாபமும் உங்களுக்கே" என்று மாமியார் முன்னாலேயே சொல்லுங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். மனைவியிடம் மட்டும் மேலே போட்ட கணக்கை முழுதாகக் காட்டுங்கள், நகை அவருடையது.

இனி செய்ய வேண்டியது. 20,000 பங்கையும் விற்றுவிடுங்கள். 30 ரூபாய்க்குப் போனால் 6 லட்சம். நகைக் கடன் அசலும் ஆறு மாத வட்டியும் 2.39 லட்சம். பர்சனல் லோனில் நான்கு தவணை போக மீதி 3.10 லட்சம், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 3.25 லட்சம். இரண்டையும் அடைத்த பிறகும் 35,000 பக்கம் கையில் நிற்கும். 30 ரூபாயில் விற்றால் கடன் இல்லாத மனிதர் நீங்கள். 28-க்கு இறங்கிவிட்டால் கைப்பணம் போட்டுத்தான் கடனை முடிக்க வேண்டியிருக்கும். அதனால் காத்திருக்க இடமில்லை. விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடுமே என்பீர்கள். இன்றைக்கு உங்கள் கையில் ரொக்கமாக 6 லட்சமும், தலைமேல் ஐந்தரை லட்சத்துக்கு மேல் கடனும் இருந்தால், அந்த ரொக்கத்தை எடுத்துப் போய் இதே பங்கை வாங்குவீர்களா? வாங்கமாட்டீர்கள் என்றால் வைத்திருக்கவும் காரணம் இல்லை.

"கையில் இருக்கும் பங்கை வைத்தே நான்கு மடங்கு வாங்கலாம்" என்று ஆப்பில் வருகிறதே எம்டிஎஃப் என்ற புரோக்கர் கடன் வசதி, அந்தப் பக்கமே போகாதீர்கள். அதுவும் வட்டிக் கடன்தான். விலை இறங்கினால் கூடுதல் பணம் கேட்பார்கள், கட்டாவிட்டால் அவர்களே விற்றுவிடுவார்கள்.

தவணை நின்றதும் மாதம் 11,000 மிஞ்சும். முதல் ஒன்றரை வருஷம் அதில் 10,000 ரூபாயை வங்கியில் ஆர்டியாகப் போட்டு, ஆறு மாத வீட்டுச் செலவைச் சேர்த்துவிடுங்கள். உங்களைப் போல வரவு ஏறி இறங்கும் தொழிலுக்கு இது கட்டாயம். அதற்குப் பிறகு, 50 பெரிய நிறுவனங்களின் நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி. இண்டிகோவின் தாய் நிறுவனம் 2025 செப்டம்பர் கடைசியில் அந்தக் குறியீட்டில் சேர்ந்துவிட்டது, விமானத் துறையில் உங்களுக்கு வேண்டிய அளவு பங்கு அதற்குள்ளேயே கிடைத்துவிடும். போக்குவரத்து தீம் ஃபண்ட், சுற்றுலா தீம் ஃபண்ட் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கி ஒரு வருஷத்துக்குள் விற்றால் இந்த 2.65 லட்சம் குறுகிய கால மூலதன நஷ்டம். வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்து அதில் காட்டிவிட்டால், எட்டு வருஷம் வரை வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். கெடு தாண்டித் தாக்கல் செய்தால் அந்த உரிமை போய்விடும். உங்கள் ஆடிட்டரிடம் இந்த மாதமே, பங்கு வாங்கி விற்றதற்கான காண்டிராக்ட் நோட்டுகளைக் கொடுத்துவிடுங்கள்.