பொங்கல் போட்டி முடிந்தால் குழுவின் கை காலியா?

கேள்வி: தாரமங்கலம் பக்கத்தில் கபடிக் குழு வைத்திருக்கிறோம், 14 பேர். பொங்கலுக்கு நன்கொடை வாங்கிப் போட்டி நடத்துகிறோம். பரிசு, பந்தல், லைட்டுக்கே எல்லாம் போய்விடுகிறது. வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி வாடகைக்குக்கூடக் காசில்லை. சொந்தக் காலில் நிற்க வழி உண்டா?

பதில்: உண்டு. நன்கொடை கேட்பதில் தப்பில்லை. வருஷம் முழுக்க வேண்டிய பணம் இரண்டே இரவில் செலவாகிவிடுவதுதான் சிக்கல். அடுத்த போட்டிக்குக் கணக்குப் போடும்போது குழுவின் பங்கை முதல் வரியில் எழுதி எடுத்து வையுங்கள். நுழைவுக் கட்டணம் முழுவதையும் அதற்கே ஒதுக்கினாலும் சரி. முதல் பரிசைக் கொஞ்சம் குறைத்தால் அணிகள் வராது என்று பயப்பட வேண்டாம். நடுவர் நேர்மையாக இருந்து, வந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டால் வருவார்கள்.

மாத வருமானத்துக்கு நான் முதலில் சொல்வது பிள்ளைகள் பயிற்சி. 30 பிள்ளைகள், ஆளுக்கு 200 ரூபாய் என்றால் மாதம் 6,000. சொல்லிக்கொடுக்கும் மூத்த ஆட்டக்காரருக்கு 3,500 கட்டாயம் கொடுங்கள். சும்மா வந்து சொல்லிக்கொடுப்பவர் மூன்றாம் மாதம் வேலை, வீடு என்று நின்றுவிடுவார், அவரோடு பயிற்சியும் நின்றுவிடும். மீதி 2,500, வருஷத்துக்கு 30,000. வண்டி வாடகை அதிலிருந்தே வரும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வையுங்கள். அவர்களில் பலர் பள்ளியோடு ஆட்டத்தை விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம் மேட், அதாவது மண்ணுக்குப் பதில் துண்டு துண்டாகக் கோத்து விரித்து ஆடும் விரிப்பு. பெரிய போட்டிகள் மேட்டுக்கு மாறிவிட்டன, மண்ணில் மட்டும் பழகியவர்கள் அங்கே திணறுகிறார்கள். சொந்த மேட் இருந்தால் தை, சித்திரை, ஆடி மாதங்களில் பக்கத்து ஊர்ப் போட்டிகளுக்கு வாடகைக்கும் விடலாம். விரிக்கவும் மடக்கவும் உங்கள் ஆளே போகட்டும். துண்டுகளின் ஓரப் பற்கள் கிழிந்தால் ஒன்றோடொன்று கோக்க முடியாது. ஆனால் வட்டிக்குக் கடன் வாங்கி மேட் போடாதீர்கள். முக்கால்வாசிப் பணம் சேரட்டும்.

உங்கள் குழுவில் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மாதச் சந்தா கேளுங்கள். பக்கத்துச் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் இந்திய அணிக்கு ஆடிய பிறகு ஊரிலேயே மைதானம் கட்டி 2023இல் திறந்தார். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பழகிய மண்ணுக்கு மாதம் 200 ரூபாய் தர மனசு வரும். தறி முதலாளிகளிடம் போனால் ஜெர்சியில் ஒரு வருஷத்துக்குப் பெயர் போடுவதாகச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் குழுவைப் பதிவு செய்வது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி 7 பேர் போதும். பிறகு பான் கார்டும் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கும். பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியைக் கிராம விளையாட்டுப் பயிற்சிக்குத் தர 2013 கம்பெனிச் சட்டம் இடம் தருகிறது. அதை வாங்க வரிவிலக்குக்கான வருமான வரிப் பதிவுகள், சிஎஸ்ஆர் பணம் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் வேண்டும், இப்போதைக்கு அதன் பின்னால் அலையாதீர்கள். இந்த மாதமே ஒரு ரசீதுப் புத்தகம் அடித்து, வரவு செலவைப் படம் எடுத்து மாதாமாதம் குழுவின் வாட்ஸ்அப்பில் போடத் தொடங்குங்கள்.