சிறு வயதில் உங்கள் அப்பாவுடன் உறவு எப்படி இருந்தது? அவர்மேல் இன்னும் கோபம் உண்டா?

மழை பெய்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குமரி மாவட்டம், குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். சொந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது, அடுத்தவர் விளையில், அதாவது தோட்டத்தில், கூலிக்கு வெட்டு. வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியும் முன்பே போயாக வேண்டும். தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு அவர் இறங்கும்போது நான் நல்ல உறக்கத்தில் இருப்பேன். வெட்டி முடித்து, சிரட்டைகளில் இறங்கிய பாலை எடுத்து ஆசிட் ஊற்றி உறைய வைத்து, முந்தைய நாள் உறைந்ததை ரோலரில் ஷீட் அடித்துவிட்டு அவர் வரும்போது நான் பள்ளிக்கூடத்தில். சாயங்காலம் வந்து பையைப் போட்டால், "மக்ளே, ஒச்சை வைக்காத, அப்பா கிடக்கட்டு" என்று அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் திரும்பவும் படுத்துவிடுவார். ஆக, வெட்டு நடக்கிற மாதங்களில் அப்பா என்றால் எனக்கு ஒரு குறட்டைச் சத்தம், கொடியில் தொங்கும் ஒரு சட்டை, அவ்வளவுதான். அந்தச் சட்டையின் நாற்றம் ஒட்டுப்பால், அதாவது வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டிய பால், உரித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நாட்களில் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்குவது தனி வேலை. எழுந்து உட்கார்ந்து, விரல்களில் காய்ந்துபோன பாலை முதலில் உரிப்பார். கை ரோமமும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், முகம் சுளிக்க மாட்டார். அப்புறம்தான் பேனா. அப்படியும் கார்டின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை விழும். மார்க்கைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

மழை வந்தால் ஆள் வேறு. பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால், பட்டையில் வெட்டிய சாலை விட்டு மரமெல்லாம் வழிந்து வீணாகும், பட்டையும் அழுகும். மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஒட்டி மழையிலும் வெட்டுகிற விளைகள் உண்டு, அப்பாவின் முதலாளி அதற்குச் செலவழிக்கவில்லை. மற்ற மாவட்டப் பிள்ளைகள் பெரும்பாலும் ஐப்பசியில்தான் நல்ல மழையைப் பார்ப்பார்கள். எங்களுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதே ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொன்று. வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. நோட்டு, யூனிபார்ம், குடை என்று செலவு வரிசையாக நிற்கிற அதே ஜூனில்தான் வீட்டில் காசு நின்றுபோகும். அம்மாவும் அப்பாவும் போட்ட சண்டைகளில் பாதி அந்த மாதத்துக் கணக்குதான். பற்று எழுதி நோட்டு வாங்கக் கடைக்குப் போவது எப்போதும் அம்மா. கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியதும் அவள்தான்.

ஆனாலும் எனக்கு ஜூன் பிடிக்கும். பகலில் அப்பா விழித்திருப்பார். அவித்த மரச்சீனிக் கிழங்கு, உடைத்த காந்தாரி மிளகாய், கட்டன் காப்பி என்று திண்ணையிலேயே பொழுது போகும். ஒட்டுப்பாலை நாடாவாக இழுத்துச் சுற்றிப் பந்து செய்து தருவார். கல்லில் ஓங்கி அடித்தால் கூரையைத் தாண்டி எழும்பும், கடையில் அப்படி ஒன்று கிடைக்காது. பேச்சிப்பாறை அணையில் ஷட்டர் தூக்கியாச்சு என்று யாராவது சொன்னால் போதும், என்னையும் கூட்டிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குக் கிளம்பிவிடுவார். குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். கோதையாறு கலங்கிப் பாறையெல்லாம் மூடிப் போவதைப் பார்த்துவிட்டு வருவோம். வழியெல்லாம் பேச்சு. எந்த மரம் பால் தரும், கோட்டயம் சந்தையில் ஷீட் விலை ஏன் விழுந்தது, எந்த முதலாளி எடையில் கை வைப்பான் எல்லாம் ஏழாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும்.

தை மாசியில் இலை உதிரும். துளிர் விடும்வரை மரத்துக்கு ஓய்வு, அப்பாவுக்குச் சம்பளமில்லாத லீவு. அந்த அப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சும்மா இருக்கத் தெரியாத மனிதர், எதற்கும் எரிந்து விழுவார்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். உண்டு. பால் வெட்ட எனக்கு அவர் கற்றுத்தரவே இல்லை. கூடப் படித்த பையன்கள் ஒன்பதாம் வகுப்பு லீவிலேயே வெட்டப் போய்க் காசு பார்த்தார்கள், ஒருத்தன் சைக்கிளே வாங்கினான். நான் கத்தியைத் தொட்டாலே கத்துவார். மகன் படிக்கட்டும் என்று நினைக்கிறார் என ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டேன். இப்போது கோயம்புத்தூரில் ஆபீஸ் வேலையில் இருக்கிறேன். அப்பா முழங்கால் வலியால் வெட்டை விட்டுவிட்டார். போன மாதம் அம்மா பேச்சோடு பேச்சாக, பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்பா வெட்டுப் படிப்பிக்கிறார் என்றாள். அவனும் ஐ.டி.ஐ. முடித்தவன். எனக்குச் சுருக்கென்றது. போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, எனக்கு மட்டும் ஏன் படிப்பிச்சுத் தரல்ல என்று கேட்டேவிட்டேன்.

"நீ இடக்கையன் இல்லியா மக்ளே. வெட்டு இடத்தேயிருந்து வலத்தே சரிஞ்சு எறங்கணும். ஒனக்க கை அதுக்குத் திரும்பாது" என்றார்.

அம்மா போனைப் பிடுங்கி, "கள்ளம் சொல்லுகாரு, நம்பாத" என்றாள்.