பனித்துகளுக்கு ஏன் ஆறு கைகள்? காகிதத்தில் அதைக் குழந்தைகளோடு வெட்டுவது எப்படி?

பனித்துகள் உறைந்த மழைத்துளி என்றே பலரும் நினைக்கிறார்கள்; அது சரியல்ல. மேகத்தில் ஒரு தூசியைச் சுற்றி நுண்துளி உறைந்ததும், சுற்றியுள்ள நீராவி திரவமாகாமல் நேரடியாக அதன்மேல் படிகமாகிறது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் முதலில் ஓர் அறுகோணத் தகடு உருவாகிறது. அதன் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நீராவி அங்கேதான் அதிகம் சேரும், கைகள் முளைக்கும். மைனஸ் 15 டிகிரி செல்சியஸை ஒட்டி அழகான கிளைகள் விரியும். மைனஸ் 5 டிகிரியிலோ வெறும் ஊசிகள்தான்.

ஆகவே எட்டுக் கை வைத்து வெட்டாதீர்கள், அப்படியொரு பனித்துகள் இயற்கையில் இல்லை! மெல்லிய சதுரத் தாளை மூலைவிட்டமாக மடியுங்கள். நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியை முனையாக வைத்து மூன்று சம பாகமாக மடித்து, மீண்டும் பாதியாக்குங்கள். இந்தக் கடைசி மடிப்பை விட்டால் ஆறு கைகளும் ஒன்றுபோல வராது. மேலே துருத்தும் மூலைகளை நறுக்கிவிட்டு, ஓரங்களில் சிறு முக்கோணங்களை வெட்டலாம். பன்னிரண்டு அடுக்கு என்பதால் சின்னக் கைகள் திணறும். கத்தரிக்கோலைப் பெரியவர் பிடித்து, எங்கே வெட்டுவது என்பதைக் குழந்தை சொல்லட்டும்.