பொடி கேசிட்டரைட் கழிவோடு போவது பற்றி

வணக்கம் நண்பரே. கனமான தாதுவையும் லேசான மணலையும் ஆட்டிப் பிரிக்கும் அதிர்வு மேசையில் பொடி கேசிட்டரைட் (வெள்ளீயத் தாது) குவார்ட்ஸ் (வெள்ளைக் கல்) கழிவோடு அடித்துப் போகிறது, தண்ணீரைக் கூட்டியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூட்டியதுதான் வினை!

கேசிட்டரைட்டின் அடர்த்தி சுமார் 7, குவார்ட்ஸுக்கு 2.65. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் தப்புகிறதென்றால், பருமணலையும் பொடியையும் ஒன்றாகப் போடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். முதலில் சேற்றைக் கழுவி நீக்குங்கள். பிறகு சலித்துத் தனித்தனியாக ஓட்டுங்கள்: பொடிக்குக் குறுகிய வீச்சு, வேகமான ஆட்டம், குறைந்த சாய்வு. மேசையில் விடும் தண்ணீர்க் கலவையில் எடைப்படி 25% மணல் போதும். கேசிட்டரைட்டின் கறுப்புக் கோடு மேசையில் பளிச்சென்று பிரியும்வரை தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறையுங்கள்.

அப்புறம் கழிவில் ஒரு பிடி எடுத்துச் சட்டியில் அலசி, லென்ஸில் பாருங்கள். கறுப்பு மணி வெள்ளைக் கல்லோடு ஒட்டியிருந்தால் மேசை மேல் தப்பில்லை, அரைப்பு போதவில்லை. அந்தப் பங்கை மட்டும் திரும்ப அரையுங்கள். கேசிட்டரைட் சட்டென்று தூளாகிவிடும், கவனம்.