வேம்பின் நுனி கருகுகிறது, தூரில் காளான்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரமாக 30 வயது வேப்பமரம் நிற்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு நுனிக்கிளைகள் கருகிக்கொண்டே வருகின்றன. தூரில் ஒரு பொந்து, அதற்குப் பக்கத்தில் செம்பழுப்பாக ஒரு காளான். மருந்தடித்து, பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் போதும் என்கிறார் ஒருவர். வெட்டிவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மரத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நோய்கள். உச்சியில் தெரிவது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வளர்ந்த வேம்பைப் பெரும்பாலும் கொல்லாது. தூரில் இருப்பதுதான் ஆபத்து.

உச்சியை முதலில் முடித்துவிடலாம். தேயிலைக் கொசு எனப்படும் பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சும். போமாப்சிஸ் என்ற பூஞ்சை நுனிக்குச்சிகளைக் கருக்கிக்கொண்டு கீழே இறங்கும். மழையும் ஈரமும் இருக்கும் மாதங்களில் தீவிரமாகி, மாசி பங்குனியில் புதுத்தளிர் விடும்போது மரம் பெரும்பாலும் தேறிவிடும். கருகிய குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியும் இடம் வரை உயிர் இருக்கிறது. அதற்கும் நாலு விரல் கீழே நறுக்கி, நறுக்கியதை எரித்துவிடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் நடுவே கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். 40 அடி மரத்துக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. எட்டினாலும், வேப்பம்பூ பறித்து ரசம் வைக்கும் வீட்டில் பூச்சிமருந்து தெளிப்பது சரியில்லை. ஆளுயரக் கன்றாக இருந்தால் மட்டும் கார்பென்டாசிம் 50 சதத் தூளை லிட்டருக்கு 1 கிராம் கலந்து தெளிக்கலாம்.

இனி தூர். மேலே வார்னிஷ் பூசியது போன்ற பளபளப்பு, வெள்ளை விளிம்பு, சுற்றிலும் காபித்தூள் நிறப் பொடி: இவை இருந்தால் அது கானோடெர்மா. தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கும் அதே இனப் பூஞ்சை. காளானை உடைத்தெறிவதில் பயனில்லை. அது வெளியே வந்த காய்தான், உடல் மரத்துக்குள் இருக்கிறது. வேருக்கும் தூருக்கும் பலம் தரும் கட்டையை அது மெல்ல மட்க வைக்கும். நீர் ஏற்றும் வெளிப்பகுதி தப்பித்துக்கொண்டிருக்கும் வரை இலை பச்சையாகவே இருக்கும். பச்சைப் பசேலென்று நின்ற மரம் ஒரு காற்றில் வேரோடு சாய்வது இதனால்தான். தென்னைக்குச் சொல்லப்படும் வேர்வழி மருந்தை வேம்புக்கும் கட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். மட்கிய கட்டை திரும்ப வலுவாகாது.

பரிசோதனையை இப்படிச் செய்யுங்கள். தூரைச் சுற்றி 3 அடிக்குத் தளம் போட்டிருந்தால் உடைத்தெடுத்து, வேர் பிரியும் இடம் தெரியும்வரை கையால் மண்ணைத் தோண்டுங்கள். மண்வெட்டி வேண்டாம், அது போடும் காயமே பூஞ்சைக்கு வாசல். பெரிய வேர்களை ஒவ்வொன்றாகக் கூரான கம்பியால் குத்துங்கள். நல்ல வேரில் கம்பி நிற்கும், மட்கியதில் இறங்கும். சுவர்ப்பக்கத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அஸ்திவாரம் தோண்டியபோது அந்தப் பக்கத்து வேர்கள் வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெரிய வேர்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போயிருந்தால் மரத்தை எடுப்பதே சரி.

வேர் தேறினால் தண்டுக்கு வாருங்கள். தச்சர் கொட்டாப்புளியால் அரையடிக்கு ஒரு தட்டாகச் சுற்றிலும் தட்டி, பொள்ளென்று கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். அங்கே இரண்டு மூன்று இடத்தில் மட்டும் 3 மி.மீ. பருமனுள்ள நீளமான ட்ரில் பிட்டால் துளையுங்கள். பிட் சட்டென்று வழுக்கி உள்ளே போகும் ஆழம்தான் நல்ல கட்டையின் தடிமன். ஒவ்வொரு துளையும் அழுகலுக்கு வழி திறக்கும் என்பதால் சல்லடையாக்கிவிடாதீர்கள். தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். சுற்றளவு 190 செ.மீ. என்றால் விட்டம் சுமார் 60, ஆரம் 30. ஆக 10 செ.மீ. நல்ல கட்டை தேவை. இது மூடிய பொந்துக்கான கணக்கு. உங்களுடையது போல வாய் திறந்திருந்தால் இன்னும் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

சிமெண்ட் மட்டும் வேண்டாம். மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. இடைவெளியில் நீர் தேங்கி அழுகல் வளரும். பிற்பாடு வெட்டும்போது ரம்பச் சங்கிலியும் அறுந்து ஆளைக் காயப்படுத்தும். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் கெடுதல். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. அழுகலைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அதை ஒதுக்கி வைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து நிறுவியது இது. நல்ல கட்டைவரை சுரண்டினால் அந்தத் தடுப்பையே உடைக்கிறோம். உதிரியாகக் கிடக்கும் குப்பையைக் கையால் அள்ளினால் போதும்.

தடிமன் இழுபறியாக இருந்தால் உச்சியின் பாரத்தைக் குறைக்கலாம். மொட்டையடிக்கக் கூடாது, நீண்ட கிளைகளை, அவற்றில் மூன்றில் ஒரு பங்காவது பருமன் உள்ள பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்டி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். முழுக்கிளையை எடுப்பதானால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியிலிருந்து கால்வாசி, அதற்கு இரண்டு விரல் வெளியே மேலிருந்து முழுதாக, கடைசியில் மிஞ்சிய கட்டையை, கிளை தண்டோடு சேரும் தடித்த வளையத்துக்கு வெளியே. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். வளையத்தை வெட்டினால் காயம் மூடாது.

தை மாதக் கடைசி, இலை உதிரும் சமயம், இதற்கு நல்ல நேரம். ஆனால் மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, சாய்வுக்கு எதிர்ப்பக்க மண் வெடித்து மேலெழும்பியிருந்தாலோ மாதம் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் வண்டி நிறுத்துவதை இன்றே விட்டு, கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆளை அழையுங்கள். மரத்தை எடுத்தால் தூரையும் பெருவேர்களையும் தோண்டி எடுத்துவிடுங்கள். அதே குழியில் தென்னையோ வேம்போ வைக்க வேண்டாம். மிஞ்சிய வேரில் பூஞ்சை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.