கொக்கி செய்து விற்றுப் பிழைக்க முடியுமா? கொல்லு வேலை கற்க விரும்பும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கொல்லு வேலை கற்றுக்கொள்ளப் போவதாக உங்கள் மகள் சொல்கிறாள். சுவர்க் கொக்கி, சாவிக்கொத்து, மெழுகுவர்த்தித் தாங்கி என்று சின்னச் சின்னப் பொருள்களைக் கையால் அடித்து விற்கப் போகிறாளாம். கல்லூரி இடம் கைநழுவிவிடுமோ, ஆசைப்பட்டு இறங்கிப் பாதியில் நின்றுவிடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பிழைக்கக்கூடிய தொழில்தான். ஆனால் அழகாக ஒரு பொருள் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. அதே பொருளை அதே அளவில், அதே நேரத்துக்குள் திரும்பத் திரும்பச் செய்ய வர வேண்டும். அது அவளுக்கு வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஆறு மாதம் போதும். அதற்காகக் கல்லூரி விண்ணப்பத்தைக் கிழித்துப் போடவும் வேண்டாம், அவள் ஆசையைத் தட்டிவிடவும் வேண்டாம்.

பெண்பிள்ளைக்கு இவ்வளவு பலம் இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த அளவு பொருள்களுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான சுத்தியலே போதும். இரும்பு வளைவது கைப்பலத்தைவிடச் சூட்டினால்தான். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில், ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்போது சாதாரண இரும்புக் கம்பி லேசான அடிக்கே இணங்கும். மங்கிய சிவப்புக்கு இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் மணிக்கட்டும் தோளும் போகும். ஆகவே அவள் கற்க வேண்டிய முதல் பாடம் நிறம் பார்ப்பது, எப்போது அடியை நிறுத்தி மறுபடி உலையில் வைப்பது என்பது. அதிகமாகக் காய்ந்தாலும் கெடுதல்: கம்பியிலிருந்து மத்தாப்பு போலப் பொறி பறந்தால் அந்த நுனி எரிந்துவிட்டது என்று பொருள். அதை வெட்டி எறிய வேண்டியதுதான், திரும்பச் சரிசெய்ய முடியாது.

எந்தப் பொருளில் தொடங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் கத்தி செய்ய ஆசைப்படுகிறார்கள். கத்தி பிறகு. அதற்கு வேண்டிய உருக்கில் கார்பன் 0.6 சதவீதத்துக்கு மேல் இருக்கும். காந்தம் ஒட்டாத நிலையை, அதாவது சுமார் 770 டிகிரியைத் தாண்டும்வரை காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். பிறகு 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பதம் இறக்க, அதாவது அதிகப்படியான விறைப்பைத் தணிக்க வேண்டும். ஒரு படி தவறினாலும் ஒன்று கண்ணாடிபோல் உடையும், இல்லை மழுங்கும். போதாக்குறைக்கு, வெட்டும் ஆயுதம் விற்பதற்குப் பல நாடுகளில் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. கற்றுக்குட்டி முதல் வருடத்தில் விற்க வேண்டிய பொருள் அது அல்ல.

முதலில் எஸ் வடிவக் கொக்கி. 6 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியில் 20 சென்டிமீட்டர் வெட்டினால் ஒரு கொக்கி, எடை 45 கிராம்கூட வராது. நுனியைக் கூராக நீட்டுவது, வளைப்பது, நடுவில் முறுக்குவது என்று மூன்று அடிப்படை வேலைகள் அந்தச் சிறு துண்டிலேயே வந்துவிடும். அடுத்து இலை வடிவச் சாவிக்கொத்து. அதில் ஒரு பக்கம் கழுத்துப் பிடிப்பது, அதாவது ஓரிடத்தை மட்டும் ஒடுக்குவது, மறு பக்கம் தட்டி அகலப்படுத்துவது இரண்டும் இருக்கின்றன. பிறகு திருகாணித் துளையுள்ள சுவர்க் கொக்கி. அதற்குப் பின் பாட்டில் திறப்பான். சூட்டில் துளை போட்டு அதை விரிப்பதைக் கற்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் ஒவ்வொரு திறப்பானாலும் ஒரு பாட்டிலையாவது திறந்து பார்த்த பிறகே விற்க வேண்டும். உதடு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் மூடி வழுக்கும், வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார். இடையிடையே தனக்கு வேண்டிய உளி, துளையுளி, குறடு ஆகியவற்றையும் அவளே அடித்துக்கொள்ளட்டும். நல்ல குறடு செய்யத் தெரிந்தவள் பாதித் தொழிலைக் கற்றுவிட்டாள் என்றே சொல்வேன்.

இதில் கணக்கும் இருக்கிறது, பள்ளிக் கணக்குத்தான். இரும்பு அடிக்க அடிக்க நீளுமே தவிரக் கன அளவு மாறாது. 10 மில்லிமீட்டர் சதுரக் கம்பியை 5 மில்லிமீட்டர் சதுரமாக இறக்கினால், உலையில் மேற்பரப்பு கருகிச் செதிலாக உதிர்வது போக, நீளம் நாலு மடங்காகும். இதைத் தெரிந்துகொண்டவள் எத்தனை சென்டிமீட்டர் வெட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வாள். தெரியாதவளுக்கு ஒவ்வொரு கொக்கியும் ஒவ்வொரு நீளத்தில் வரும். நான்கு கொக்கிகளை வரிசையாகச் சுவரில் அடிப்பவருக்கு அந்த வித்தியாசம் கண்ணை உறுத்தும். உருண்டையான நுனி வேண்டுமானால்கூட முதலில் சதுரமாக நீட்டி, பிறகு எட்டு முகமாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் உருட்டி உருட்டி அடித்தால் நடுவில் பிளவு விழும்.

இப்போது பணம். வருமானக் கேள்விக்கு நேராக ஒரு தொகை சொல்வது நேர்மையாகாது, இடத்துக்கு இடம் அது மாறும். எப்படிக் கணக்கிடுவது என்பதைச் சொல்கிறேன், அவளையே கணக்கிடச் சொல்லுங்கள். கொக்கியில் இருக்கும் இரும்புக்குப் பெரிய விலை இல்லை. போவதெல்லாம் நேரம். ஒரு கொக்கிக்கு 20 நிமிடம் ஆனால் மணிக்கு மூன்று. நாளெல்லாம் உலையருகே நிற்கவும் முடியாது. கம்பி வெட்டுவது, பிசிறை அரம் போட்டு எடுப்பது, கம்பி பிரஷ்ஷால் செதில் நீக்குவது, மெழுகு பூசுவது, படம் பிடிப்பது, கட்டி அனுப்புவது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது என்று பாதி நாள் போய்விடும். இந்த நேரத்தையும் விலையில் சேர்க்காமல் விற்கிறவர்கள்தான் ஒரு வருடம் உழைத்துவிட்டு, கையில் ஒன்றும் நிற்கவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். கரி அல்லது எரிவாயு, தேய்கிற அரம், கெட்டுப்போன துண்டுகள், விற்பனைத் தளம் எடுக்கும் தரகு, எல்லாம் அந்த விலைக்குள் வர வேண்டும்.

நேரம் குறைவது சுத்தியலை வேகமாக ஓங்குவதால் அல்ல. ஒரு பொருளை எத்தனை சூட்டில் முடிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் பத்து முறை உலையில் வைத்து எடுத்த கொக்கியை நாலு சூட்டில் முடிக்கப் பழக வேண்டும். இரண்டு மூன்று கம்பிகளை உலையில் வைத்து மாற்றி மாற்றி எடுப்பது, வளைவுக்கு ஓர் அச்சு செய்துகொள்வது, அடைகல்லில், அதாவது இரும்பை வைத்து அடிக்கும் கட்டியில், சுண்ணக்கட்டியால் அளவுக் கோடு போட்டுக்கொள்வது, இவையெல்லாம் தொழிலாளியின் பழக்கங்கள். இது சலிப்பான வேலைதான், மறைக்க மாட்டேன். இருபதாவது கொக்கியிலும் முகம் சுளிக்காமல் இருக்கிறாளா என்று கவனியுங்கள். அதுதான் எனக்கு அவளுடைய மதிப்பெண் பட்டியலைவிட முக்கியமான சேதி.

ஆபத்தைப் பற்றி நீங்கள் தீக்காயத்தை மட்டும் எழுதியிருந்தீர்கள். நான் கவலைப்படுவது கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றி. துத்தநாகம் பூசிய பழைய குழாய், ஆணி, சங்கிலி எதையும் உலையில் வைக்கக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், உலை அதைவிடச் சூடானது. அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரும். மூடிய அறையில் உலை மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. சுத்தியல் சத்தம் மெல்ல மெல்லக் காதைத் தின்றுவிடும், போன செவித்திறன் திரும்பாது. ஆகவே காதடைப்பானும் கண்ணாடியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். பருத்தி உடை போடட்டும், தலைமுடியை இறுக்கிக் கட்டட்டும். இன்னொன்று, இரும்பு 400 டிகிரியில் இருக்கும்போது பகல் வெளிச்சத்தில் கறுப்பாகவே தெரியும். தரையில் கிடக்கும் எந்தத் துண்டையும் வெறும் கையால் எடுப்பதில்லை என்ற விதியை வீட்டார் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும். முடித்த பொருளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைக்கச் சொல்லுங்கள்.

செலவு விஷயத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருங்கள். பெரிய அடைகல்லும் மின்சாரச் சம்மட்டியும் வாங்கக் கடன் எடுக்கவே கூடாது, குறைந்தபட்சம் இந்த ஆறு மாதத்துக்கு. வேலை தெரிந்த ஒருவரிடம் நின்று கற்றுக்கொண்ட பிறகு, கனமான ஓர் இரும்புக் கட்டி, ஒரு சிறு உலை, இரண்டு சுத்தியல், ஒரு குறடு என்று தொடங்கட்டும்.

படிப்பு? வெல்டிங், ஃபிட்டர், இயந்திரப் பட்டறைப் பயிற்சி, உலோகவியல், வடிவமைப்பு என எதைப் படித்தாலும் இந்தக் கைவேலைக்கு உதவும். தொழில் சரிவராவிட்டால் அதுவே தனி வேலையும் தரும். கொல்லு வேலையையே பட்டப்படிப்பாகத் தரும் இடமும் உண்டு, இங்கிலாந்தின் ஹெர்ஃபர்டு கலைக் கல்லூரி அப்படியொன்று. வட அமெரிக்கக் கலைக் கொல்லர்களின் சங்கமான அபானா 1973-ல் தொடங்கியது, படிப்படியான பயிற்சித் திட்டம் ஒன்றையும் வைத்திருக்கிறது. உடனே அங்கே அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. இது படித்தவர்கள் செய்யாத வேலை என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிந்தது, அதற்காகச் சொல்கிறேன். சின்னப் பொருள்களில் கை தேர்ந்தவர்கள் பின்னாளில் வாயிற்கதவு, மாடிப்படிக் கைப்பிடி, பழைய கட்டடங்களின் இரும்பு வேலையைப் புதுப்பித்தல் என்று நகர்கிறார்கள். ஒரே வாடிக்கையாளரிடம் பெரிய தொகை வருவது அங்கேதான்.

ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியவை இவை. ஒரே அளவில் பன்னிரண்டு கொக்கிகளை ஒரே நாளில் செய்து மேசையில் அடுக்கிக் காட்ட முடிகிறதா? உறவுக்காரர் அல்லாத ஒருவர் வாங்கிவிட்டு மறுபடியும் கேட்டாரா? எல்லாச் செலவும் போக மணிக்கு எவ்வளவு நின்றது என்று அவளுடைய நோட்டில் எழுதியிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அவளைத் தடுக்காதீர்கள். முதலாவது மட்டும் ஆம் என்றால் கை வந்துவிட்டது, விற்பனை வரவில்லை. படித்துக்கொண்டே வார இறுதியில் தொடரட்டும். முதலாவதே இல்லை என்றால் இன்னும் மூன்று மாதம் கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

பயிற்சிக்குச் சேர்க்குமுன் நீங்களும் ஒருமுறை அந்தப் பட்டறைக்குப் போய் வாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் அவள் கையில் சுத்தியல் இருக்கும், எத்தனை மணி நேரம் வேடிக்கை பார்த்து நிற்பாள் என்று கேளுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் காதடைப்பான் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்காவிட்டால் வேறு பட்டறை தேடுங்கள்.