சூத்தை இல்லை, ஆனாலும் பல் கூசுகிறது!

கேள்வி: வயது 42. இரவில் நெஞ்செரிவும் புளிச்சேப்பமும் நெடுநாளாக உண்டு. இப்போது குளிர்தண்ணீர் பட்டாலே மேல் முன்பற்கள் கூசுகின்றன. வாய்ப் புளிப்புப் போக, எழும்பியவுடன் உமிக்கரியால் அழுத்தித் தேய்க்கிறேன். சூத்தை இல்லை என்கிறார்கள். பிறகேன் கூச்சம்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கூச்சத்துக்குப் பாதிக் காரணம் உங்கள் வயிறு, மீதி அந்த உமிக்கரியாக இருக்கலாம். பல்லின் மேற்படையான மிளிரி, ஏறத்தாழ பீ.எச். 5.5க்குக் கீழே கரையத் தொடங்கும். (பீ.எச். என்பது அமிலத்தைக் காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்.) இரைப்பை அமிலமோ 2க்கும் கீழே இறங்கும். நித்திரையில் உமிழ்நீர் குறைவு, விழுங்குவதும் குறைவு. மேலேறிய அமிலம் வாயிலேயே தங்கிவிடும். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. தேய்வு முதலில் மேல் முன்பற்களின் உட்பக்கத்தில்தான். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக் காக்கும். கொடுப்புப் பற்களின் மேலே சிறு குழிகள் விழும். பல் வைத்தியரிடம் நெஞ்செரிவைப் பற்றியும் சொல்லுங்கள். சொன்னால்தான் உட்பக்கத்தைத் தேடிப் பார்ப்பார்.

அமிலம் பட்ட மிளிரி சிறிது நேரம் இளகியிருக்கும். அப்போது தேய்த்தால் மிளிரியையே சுரண்டி எடுக்கிறீர்கள். எழும்பியதும் ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து, மென்மையான பிரஷ்ஷும் புளோரைட் பற்பசையும் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் சரி, தண்ணீரால் அலச வேண்டாம். உமிக்கரி, உப்பு, கரிப் பற்பொடி எல்லாவற்றையும் விடுங்கள். வாய் நாற்றத்துக்குத் தேசிக்காய்ச் சாறு கொப்பளிக்கச் சொல்வோரும் உண்டு. அது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

பல்லை மட்டும் பார்த்தால் போதாது. படுக்கைக்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். புளியும் உறைப்புமான ஒடியற்கூழை மதியத்துக்கு மாற்றுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கல் வைத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும். வைத்தியர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் தந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் எடுங்கள். எரிந்தபிறகு போட்டால் அதன் வேலை பாதிதான்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத மெலிவு, இரத்தச் சத்தி, கறுப்பு மலம் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: குளிசையால் நெஞ்செரிவு நின்றுவிட்டது. தேய்ந்த பல் திரும்ப வளருமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: வளராது. இளகிய மேற்படை உமிழ்நீராலும் புளோரைட்டாலும் ஓரளவு இறுகும், போனது போனதுதான். ஆழமான இடங்களைப் பல்நிறப் பசையால் அடைக்கலாம், மிகவும் தேய்ந்த பல்லுக்கு உறை போடலாம். நெஞ்செரிவு அடங்கியபின் இவற்றைச் செய்வதே நல்லது. அமிலம் தொடர்ந்தால் அடைப்பின் ஓரத்திலுள்ள பல் கரைந்து, அடைப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.